சாவுச் செய்தியானாலும் சரி

தொட்டி மலைப் பூங்காவில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று பலகை வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியை நானே சொல்கிறேன்.

அந்தப் பலகை புதிதுமல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே இருந்தது. மெர்டேக்கா அறிவித்த மறுநாள் காலையில் இந்தச் சைக்கிள் கும்பல் அதைப் பிடுங்கி ஓடையில் எறிந்தது. நாடு நம்முடையதாகிவிட்டதாம், மலையும் நம்முடையதாம், ஆகவே யாரும் எந்த வழியிலும் எப்படியும் போகலாமாம். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. சுதந்திரம் வந்தால் மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மலையிலிருந்து தலைகீழாக இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அப்படித்தான் இறங்கினார்கள். மட்கார்டு இல்லை, பெல் இல்லை, செயின் கவர் இல்லை, பின் பிரேக் மட்டும் உண்டு. மலையுச்சியில் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து கீழ் வாசல்வரை நடக்கிறவர்களுக்காக வெட்டிய தடம் ஒன்று, ரப்பர் மரத்து வேர்களின் மேலேயும் செம்மண் பள்ளங்களிலும் வளைந்து வரும். அதில்தான் பந்தயம். கும்பலுக்குத் தலைவன் ஹாஜா. இருபத்தைந்து வயது, ரொட்டி விற்பவன். ரொட்டி சுடும் இடம் மலைக்கு அந்தப் பக்கம் என்பதால் விடிந்ததும் மலையேறி இந்தப் பக்கம் இறங்கிவிடுவான். ஏழு மணிக்கெல்லாம் என் வெற்றிலைக் கடை வாசலில் கைசுடும் ரொட்டி இருக்கும்.

ஹாஜாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் ஜமாத்தில் சாவு விழுந்தால் அந்த மவுத்துச் செய்தியை வீடு வீடாகச் சொல்லிவர ஓர் ஆள் வேண்டும். தெங்கேராவிலும் உஜோங் பாசிரிலும் புக்கிட் காதிலிலும் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு நேரத்தில் செய்தி போகாவிட்டால் முகம் பார்க்க முடியாது. எங்களில் ஜனாஸாவை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பழக்கம் இல்லை. அதுவும் எங்களை அடக்கம் செய்யும் மையவாடி தெங்கேராவில் கடலோரம். கடல் ஏறினால் தோண்டிய கபுரில் தண்ணீர் ஊறும். அதனால் அடக்கும் நேரத்தை நாங்கள் முடிவு செய்வதில்லை, கடல்தான் முடிவு செய்யும். ஹாஜாவைவிட வேகமாகச் செய்தி சொல்ல ஆள் கிடையாது. வாசலில் சைக்கிளைச் சாய்க்காமலே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான், தண்ணீர்கூடக் கேட்க மாட்டான்.

மெர்டேக்கா வந்த அந்த வருஷம் டிசம்பரில் என் மனைவி அஸ்மா காலையில் மலைத் தடத்தில் நடந்துகொண்டிருந்தாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். வளைவில் ஒருவன் வந்து மோதினான். அஸ்மா விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மோதியவன் நிற்காமல் போய்விட்டான். யார் என்று கேட்டால் கும்பல் முழுக்க வாயை மூடிக்கொண்டது. கடைசியில் ஹாஜா வந்து, "நான் பொறுப்பு மாமா. ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது," என்றான். மோதியது அவன் இல்லை என்று எனக்கும் தெரியும். அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. எவனோ செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பெரிய மனிதன் வேஷம் போடுகிறான் என்றுதான் தோன்றியது.

பூங்காக் கமிட்டியில் புதிதாகப் போட்ட ஏழு பேரில் நானும் ஒருவன். இரண்டே வாரத்தில் பலகையைத் திரும்ப நட வைத்தேன். கீழ் வாசலில் தடத்தின் குறுக்கே தென்னங்கட்டை ஒன்றைப் போட வைத்தேன். காவலுக்கு மருதமுத்து என்பவனை நியமித்தோம். எஸ்டேட் வேலையை விட்டு நின்றவன், சாதுவான ஆள். அவனிடம் சொன்னேன்: "என்னைப் பெத்த வாப்பாவே சைக்கிள்ல வந்தாலும் விடக்கூடாது, தெரியுதா?"

தலையை ஆட்டினான். ஒரே மாதத்தில் ஹாஜாவுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டான். கேட்டால், "மவுத்துச் செய்தி சொல்லப் போறேன்னான் பாய். சாவு சமாச்சாரம், எப்படி நிறுத்துறது?" என்றான். ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்கள். அன்றைக்கு உண்மையிலேயே ஒரு சாவு இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அடுத்த வாரம் ஒவ்வொருவனும் ஒரு சாவைக் கையில் வைத்துக்கொண்டு வருவான். அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததில் தப்பு இருப்பதாக அன்றைக்குத் தெரியவில்லை.

எங்களுக்குள் வழக்கு வந்தால் போலீசுக்குப் போக மாட்டோம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசலில் உட்கார்ந்து பேசித் தீர்ப்போம். ஹாஜாவை அங்கே நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டான். இனிமேல் பந்தயம் நடத்த மாட்டேன் என்றான். போதும் என்றார் தொழுகை நடத்தும் லெப்பை. எனக்குப் போதவில்லை. சத்தியம் செய்யச் சொன்னேன்.

"சத்தியத்த இப்படிச் சுலபமா வாங்காதீங்க ஷரீஃபுதீன்," என்றார் லெப்பை. "அது ரெண்டு பக்கமும் கட்டிப் போடும்."

நான் கேட்கவில்லை. அல்லாஹ்மேல் ஆணையாகத் தொட்டி மலையில் சைக்கிளோடு கால் வைக்க மாட்டேன் என்று ஹாஜா சொன்னான். சொல்லிவிட்டு, "மவுத்துச் செய்திக்கு மட்டும் விட்டுக்குடுங்க மாமா," என்று கேட்டான். அறுபது எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியின் கை இன்னும் மாவுக்கட்டோடுதான் இருந்தது.

"சாவுச் செய்தியானாலும் சரின்னு அதையும் சேர்த்துச் சொல்லு," என்றேன்.

என்னைப் பார்த்தபடியே சேர்த்துச் சொன்னான்.

என் லாத்தா நஜ்முன்னிசாவுக்கு இது பிடிக்கவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள், புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம், பிள்ளைகள் இல்லை. அவள் வீடு மலையடிவாரத்தில், கீழ் வாசலை ஒட்டி. பின்கதவைத் திறந்தால் தடம் தெரியும். இந்தக் கும்பல் இறங்குவதைக் கதவில் சாய்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். வருகிறவனுக்கெல்லாம் செம்பில் தண்ணீர் கொடுப்பாள். இரண்டு முறை கண்டித்தேன்.

"எனக்குப் பொழுது போகுதே தம்பி, உனக்கென்ன சுசா, என்ன கஷ்டம்?" என்றாள். சத்தியம் வாங்கிய கதையைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. "உன் கோபத்துக்கு நீ சோறு போட்டு வளர்க்கிறே. அந்தப் பிள்ளை வாயில எதுக்குடா இதத் திணிச்சே? இனிமே ரொட்டியும் ஆறிப்போய்த்தான் வரும்."

"ரொட்டி ஆறுனா யாரும் செத்துற மாட்டாங்க லாத்தா," என்றேன்.

ஹாஜா அன்றிலிருந்து சாலை வழியாகச் சுற்றி வந்தான். ரொட்டி எட்டு மணிக்கு வந்தது, ஆறிப்போய். எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் நான் கடைக்குச் சரக்கெடுக்கப் புக்கிட் காதிலில் உள்ள வெற்றிலைத் தோட்டத்துக்குப் போவேன். மலையின் பின்சரிவு முடிகிற இடத்தில் தோட்டத்து வேலி. பஸ்ஸில் போனால் பெரிய சாலையில் இறங்கி இரண்டு மைல் சேற்றில் நடக்க வேண்டும். கார் உள்ளே வராது, போன் கிடையாது. அன்றைக்குக் காலையிலிருந்து மழை. ஒன்று இருபதுக்கு ஹாஜா வந்தான். சைக்கிளின் சக்கரத்தில் சேறு அப்பிச் சுழலாமல் நின்றிருந்தது, கடைசி மைல் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறான். முழங்கால்வரை செம்மண்.

"மாமா, நஜ்முன்னிசா லாத்தா மவுத்தாயிட்டாங்க. காலையில பத்து மணிக்கு. நெஞ்சு வலின்னு உக்காந்தாங்களாம், அவ்வளவுதான். லுஹர் தொழுதுட்டு எடுக்கிறாங்க. ரெண்டு மணிக்குக் கடல் ஏறுது, அதுக்குள்ள அடக்கணும்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என் உடம்பில் எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

"பத்து மணிக்குப் போன உசுருக்கு ஒன்றேகாலுக்குச் சொல்றியா? எப்பக் கெளம்புனே?"

"பதினொன்றரைக்கு மாமா. ரொட்டி விக்கப் போயிருந்தேன், தேடிப் பிடிச்சுச் சொல்றதுக்கே நேரமாயிருச்சு. சாலை வழியா வந்தேன். சைக்கிள விட்டுட்டு மலையில நடந்து வர்றதவிட அது சீக்கிரம்னு நெனச்சேன், சேறு இழுத்துப் போட்டுருச்சு."

"மலை வழியா வந்திருந்தா அரை மணி நேரம்டா. அரை மணி நேரம்."

அவன் சைக்கிளிலிருந்து சேற்றை ஒரு குச்சியால் வழித்துக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்திவிட்டு, கிளம்பு, மலை வழியாகவே போகலாம், பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அவன் சைக்கிளை என் பக்கம் நகர்த்தினான்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க மாமா. நான் சைக்கிளோட மலையில கால் வைக்கக் கூடாது. பின்னாடியே நடந்து வர்றேன்."

அவனோடு வாதாட நேரம் இல்லை. ஐம்பத்து நாலு வயது எனக்கு. சைக்கிளைத் தொட்டுப் பல வருஷம். பின்சரிவில் அதைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். அதுவரை என் வாயில் வராத வார்த்தைகளெல்லாம் வந்தன. வேண்டுமென்றே செய்திருக்கிறான், பழிவாங்குகிறான், என் லாத்தாவின் மையித்தை வைத்துப் பழிவாங்குகிறான் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறினேன். உச்சிக்குப் போக இருபது நிமிஷம். தொட்டி அருகே நின்று மூச்சு வாங்கினேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஏறி உட்கார்ந்தேன்.

நான் தடை செய்த தடத்தில் நான் இறங்கினேன். வேர்கள் ஒவ்வொன்றும் இடுப்பில் இடித்தன. பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சறுக்கியது, விட்டால் பறந்தது. இரண்டு முறை விழுந்தேன். வேட்டி கிழிந்தது. முழங்கையில் ரத்தம். அந்தப் பயல்கள் இதை விளையாட்டு என்று எப்படிச் செய்தார்கள் என்று நினைத்தேன். அஸ்மா விழுந்த வளைவு வந்தபோது எனக்குச் சைக்கிளை நிறுத்தத் தெரியவில்லை. யாராவது நடந்து வந்திருந்தால் நானும் மோதியிருப்பேன், நிற்காமலும் போயிருப்பேன்.

கீழ் வாசல் நெருங்கும்போது கட்டையின் நினைவு வந்தது. உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் கட்டை தடத்தில் இல்லை. ஓரமாகப் புரட்டிப் போட்டிருந்தது. பக்கத்தில் மருதமுத்து கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"யாரு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

"உங்க லாத்தா செத்துட்டாங்கன்னு பதினோரு மணிக்குத் தெரிஞ்சுச்சு பாய். ஹாஜா இந்த வழியாத்தான் உங்களத் தேடி வருவான்னு எடுத்துப் போட்டேன். சம்பளத்தப் பிடிச்சா பிடிச்சிட்டுப் போறாங்க. எனக்கும் அவங்க தண்ணி குடுத்திருக்காங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வந்தான். இங்கதான் நின்னான். போடான்னு சொன்னேன், கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டான். அழுதுட்டுத்தான் போனான். நீங்க திரும்பி வர்றதுக்காவது ஆகுமேன்னு அப்படியே விட்டு வெச்சேன். போங்க பாய், சீக்கிரம் போங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். உச்சியிலிருந்து விழுந்து எழுந்து வந்தும் பதினோரு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

லாத்தாவின் பின்கதவு சாத்தியிருந்தது. முன்பக்கம் போனேன். வீடு நிறையப் பெண்கள். அஸ்மா வாசலில் நின்றாள். நேராகாத அந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "லாத்தாவோட சந்தூக்கத் தூக்கிட்டுப் போய் முக்கால் மணி நேரமாச்சுங்க. கடல் ஏறுதுன்னு காத்திருக்க முடியலே," என்றாள். அதற்கு மேல் நான் நிற்கவில்லை. தெங்கேராவுக்கு அந்த மழையில் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

மையவாடியில் மண் மூடியிருந்தது. தலைமாட்டில் நட்ட குச்சியைச் சுற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. லெப்பை என் தோளைப் பிடித்தார். பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என்று யாரோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கூடப் பிறந்தவளின் முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தது போன வியாழக்கிழமை, அதுவும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். வரவில்லை. திட்டும்போது நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஹாஜா வந்தான். மலையேறி, இறங்கி, தெங்கேராவரை நடந்தே வந்திருக்கிறான். செருப்பு இல்லை. கபுருக்கு முன்னால் நின்று துவா ஓதினான். ஓதி முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை. சட்டையைப் பிடித்தேன்.

"சத்தியத்த ஒடச்சா பத்து ஏழைக்குச் சோறு. அவ்வளவுதானேடா பரிகாரம்? நான் நூறு பேருக்குப் போட்டிருப்பேனே. ஏண்டா ஒடைக்கலே? என்னை அழ வைக்கணும்னுதானே?"

நாலு பேர் விலக்க வந்தார்கள். ஹாஜா அவர்களைக் கையால் நிறுத்தினான். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒடைக்கலாம்னுதான் மாமா கீழ் வாசல் வரைக்கும் போனேன். லெப்பையும் சொன்னாங்க, நல்லதுக்காக ஒடைக்கலாம், பரிகாரம் செஞ்சுக்கோன்னு. அங்க நின்னு யோசிச்சேன். நான் ஒடைச்சு உங்களக் கூட்டிட்டு வந்திருந்தா, நீங்க லாத்தா மொகத்தப் பாத்திருப்பீங்க. அழுதிருப்பீங்க. ஒரு மாசம் கழிச்சு ஏதாச்சும் ஒண்ணுக்கு என் மேல கோபம் வரும். அன்னைக்கு அதே பள்ளியில அத்தனை பேர் முன்னாடி, ஹாஜா சத்தியம் தவறினவன்னு சொல்லுவீங்க. சொல்ல மாட்டீங்களா மாமா?"

கபுருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஈர மண் காலுக்கடியில். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான். லாத்தாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு எனக்கு அந்தப் பொய் வரவில்லை.

"சொல்லியிருப்பேன்," என்றேன்.

கை தானாகச் சட்டையை விட்டுவிட்டது. ஹாஜா சட்டையைச் சரிசெய்துகொண்டான். "சைக்கிளக் குடுங்க மாமா," என்றான். "உஜோங் பாசிர்ல நாலு வீட்டுக்கு இன்னும் சொல்லலே."

கொடுத்தேன். முன் சக்கரம் கோணியிருந்தது, நான் விழுந்ததில். அவன் அதைக் கால்களுக்கிடையில் வைத்து நெம்பி நேராக்கிக்கொண்டு போனான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் கமிட்டியில் சண்டை போட்டுப் பலகையை எடுக்க வைத்தேன். ஏழு பேரில் ஆறு பேர் நான் முன்பு பேசியதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களிடமும் கத்தினேன். மருதமுத்துவின் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்கப் போனேன், அவன் வாங்கவில்லை. இப்போது காலை ஒன்பது மணிவரை நடப்பவர்களுக்கு, பிறகு சைக்கிளுக்கு என்று தடத்துக்கு நேரம் பிரித்திருக்கிறோம். செய்தி கொண்டுபோகிறவனுக்கு எந்த நேரமும் திறந்திருக்கும். கும்பல் திரும்பவும் இறங்குகிறது. அஸ்மாவே சில நாள் போய்ப் பார்க்கிறாள்.

ஹாஜா மட்டும் போவதில்லை. பள்ளியில் எழுந்து நின்று, நான் வாங்கியது தப்பு, இவன் மலையில் ஓட்டட்டும், பரிகாரச் சோறு நான் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு சாலையே பழகிருச்சு மாமா," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தினமும் எட்டு மணிக்கு வருகிறான். சைக்கிளில் இப்போது பெல் மாட்டியிருக்கிறான், அதை அடிக்கிறான். ரொட்டி ஆறியிருக்கிறது. நான் அதை வாங்கி, திட்டாமல், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்கிறேன்.